கார்பன் சக்கரமும் கால் கிலோமீட்டர் வேகமும்

ரோடு பைக் என்னும் வேக சைக்கிளை வாங்கி ஓராண்டு ஓட்டியவர்களோடு பேசினால், அடுத்து எதை மாற்றலாம் என்ற பேச்சு பெரும்பாலும் சக்கரத்தில்தான் வந்து நிற்கும். நானும் அந்தப் பேச்சில் விழுந்தவன்தான். வண்டியோடு வந்த அலுமினியச் சக்கரங்களைக் கழற்றி வைத்துவிட்டு, வெளி வளையம் (ரிம்) அச்சை நோக்கி 50 மில்லிமீட்டர் ஆழமுள்ள கார்பன் சக்கரங்களை மாட்டி ஆறு மாதங்கள் ஆகின்றன. தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே சொல்லவில்லை. நான் எழுதப்போவது அந்த ஒரு பெயருக்கு மட்டும் உரியதன்று, இதே ஆழமும் ஏறத்தாழ இதே எடையும் கொண்ட எந்தச் சக்கரத்துக்கும் பொருந்துவது.

பழைய சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து, டயரும் டியூபும் இல்லாமல், 1,900 கிராம் இருந்தன. சக்கரத்துக்கு 28 உருண்டைக் கம்பிகள், ஆழம் குறைந்த சாதாரண ரிம். புதியவை 1,480 கிராம். சக்கரத்துக்கு 24 தட்டைக் கம்பிகள். பெட்டியிலிருந்து எடுத்த முன்சக்கரத்தை அச்சில் பிடித்துக்கொண்டு ஒரு தட்டுத் தட்டினால், நிற்க மனமில்லாததுபோல் அது சுற்றிக்கொண்டே இருந்தது. இந்தச் சுழற்சியைப் பார்த்துத்தான் பலரும் மயங்குகிறார்கள். உண்மையில், கையில் பிடித்துச் சுற்றும்போது தெரிகிற வழவழப்புக்கும் சாலையில் கிடைக்கிற வேகத்துக்கும் சம்பந்தம் மிகக் குறைவு; நல்ல நிலையிலிருக்கும் ஹப்புகளின் (சக்கரத்தின் நடுப்பகுதி) பேரிங் விழுங்கும் ஆற்றல் ஓரிரு வாட்டைத் தாண்டுவதில்லை.

முதல் நாள் ஓட்டம் பிரமாதமாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. வழக்கமாக நான் ஓட்டும் சமதளச் சாலையில், மிதிக்கும் ஆற்றலை அளக்கும் பவர் மீட்டர் எப்போதும்போல் 150 வாட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்க, வேகம் மட்டும் மணிக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் கூடியிருந்தது. கேட்டவர்களிடமெல்லாம் சக்கரத்தின் பெருமையைப் பாடினேன். புதிய சக்கரத்தோடு புதிய டயர்களையும் அன்றே மாட்டியிருந்தேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை, அது ஒரு பொருட்டாகவே எனக்குத் தோன்றவில்லை. முன்பு இருந்தவை பஞ்சருக்குப் பயந்து வாங்கிய, ரப்பர் தடித்த 25 மில்லிமீட்டர் டயர்கள்; அவற்றில் 110 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்றடித்துக் கல்லுப்போல் வைத்திருப்பேன். புதியவை பந்தயத்துக்கென்று செய்யப்பட்ட, பக்கச்சுவர் மெல்லிய 28 மில்லிமீட்டர் டயர்கள். அவற்றில் 75 பிஎஸ்ஐ மட்டுமே.

மூன்றாம் மாதத்தில் பின்சக்கரத்தின் ஒரு கம்பி, மிதிக்கும்போதெல்லாம் 'டிக் டிக்' என்று சத்தமிடத் தொடங்கியது. கம்பிகளின் இறுக்கம் சீராக இல்லாமலேயே தொழிற்சாலையிலிருந்து வந்திருக்கிறது என்றார் மெக்கானிக். முழுவதையும் தளர்த்தி, மறுபடி இறுக்கி, கோட்டம் எடுத்துத் தர இரண்டு வாரம் கேட்டார். இந்தத் தரத்துப் பொருளில் இப்படி ஒரு குறை வந்திருக்கக் கூடாது என்பது என் மனத்தாங்கல். ஆனால் அந்த இரண்டு வாரம்தான் எனக்குக் கண்ணைத் திறந்தது. பழைய சக்கரங்களை மாட்ட வேண்டியிருந்ததால், புதிய டயர்களைக் கழற்றி அவற்றில் போட்டுக்கொண்டு அதே சாலையில் அதே 150 வாட்டில் ஓட்டினேன். கூடியிருந்த ஒன்றரைக் கிலோமீட்டரில் நான் இழந்தது ஏறக்குறையக் கால் கிலோமீட்டர். மீதி முழுவதும் டயரோடு பழைய சக்கரத்துக்குக் குடிபெயர்ந்து வந்திருந்தது.

தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தால் இதில் வியப்பே இல்லை. ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சுமாரான, தடித்த டயரின் உருளும் தடைக் கெழு 0.007 அளவிலும், நல்ல டயரின் கெழு 0.004 அளவிலும் இருக்கும். அந்த 0.003 வித்தியாசத்தை 80 கிலோவின் எடையோடு பெருக்கினால் 2.35 நியூட்டன் விசை வரும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் அந்த விசையை எதிர்த்து மிதிக்க ஏறத்தாழ 20 வாட் வேண்டும். 150 வாட்டில் ஓட்டுகிறவருக்கு 20 வாட் என்பது சிறிய தொகையல்ல. இதோடு, சொரசொரப்பான சாலையில் கல்லுப்போல் காற்றடித்த டயர் ஒவ்வொரு சிறு மேட்டிலும் வண்டியைத் தூக்கிப் போட்டு, முன்னே போக வேண்டிய ஆற்றலை உடம்பின் அதிர்வாக வீணடிக்கிறது. காற்றைக் குறைத்தால் வண்டி மந்தமாக இருப்பதுபோல் தோன்றும், ஆனால் வேகம் குறைந்திருக்காது. பல சாலைகளில் கூடித்தான் இருக்கும்.

அப்படியானால் சக்கரம் என்ன செய்கிறது? முதலில் எடையைப் பார்க்கலாம், ஏனெனில் விற்பனைப் பேச்சில் முன்னால் வருவது அதுதான். சுழலும் எடை இரண்டு மடங்குக்குச் சமம் என்று சொல்வார்கள். அதில் உண்மை உண்டு: ரிம்மின் விளிம்பில் இருக்கும் ஒவ்வொரு கிராமும் வண்டியோடு முன்னே போவதோடு அச்சைச் சுற்றியும் ஓடுவதால், வேகம் பிடிக்கும்போது அது இரு மடங்கு ஆற்றலைக் கேட்கிறது. என் சக்கரங்களில் குறைந்த 420 கிராமும் விளிம்பிலேயே குறைந்தது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், நின்ற நிலையிலிருந்து மணிக்கு 30 கிலோமீட்டரை எட்டுவதற்குள் மிச்சமாவது 29 ஜூல். மூன்று கிலோ மூட்டையை ஒரு மீட்டர் உயரம் தூக்கி வைக்கும் வேலைதான் அது. மொத்தமாகத் தேவைப்படுவதோ 2,700 ஜூலுக்கு மேல். வேகம் பிடித்த பிறகு, சமதளத்தில் அந்த 420 கிராம் இருப்பதும் இல்லாததும் ஒன்றே. ஏற்றத்திலும் இரு மடங்கு என்ற பேச்சு எடுபடாது. சீராக ஏறும்போது ஒரு கிராம் எங்கே இருந்தாலும் ஒரு கிராம்தான். 80 கிலோவில் 420 கிராம் அரை விழுக்காடு என்பதால், ஒரு மணி நேரம் ஏற வேண்டிய செங்குத்தான பாதையில் 17 அல்லது 18 விநாடிகள் மிச்சமாகும். முக்கால் லிட்டர் தண்ணீர் பாட்டிலை நிரப்பாமல் கிளம்பினால் இதைவிடக் கூடுதலாகவே கிடைக்கும்.

ஆகவே சக்கரம் உண்மையில் சம்பாதித்துக் கொடுப்பது காற்றில்தான். சமதளத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் மிதிக்கும் ஆற்றலில் நான்கில் மூன்று பங்கு காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. அந்தக் காற்றிலும் பெரும்பகுதியை எதிர்கொள்வது ஓட்டுகிறவரின் உடல், வண்டிக்கு வருவது சிறுபகுதி, சக்கரங்கள் அந்தச் சிறுபகுதியில் ஒரு பங்கு. ஆழமான ரிம், டயரின் மேல் மோதிப் பிரிந்த காற்றைக் கலையாமல் பின்னோக்கி வழிநடத்துகிறது. கம்பிகளின் எண்ணிக்கை குறைந்து அவை தட்டையாக இருப்பதும் கொஞ்சம் கைகொடுக்கிறது. ரிம்மின் வெளி அகலம் டயரின் அகலத்தைவிட ஐந்து விழுக்காடாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்று இத்துறையில் ஒரு கணக்கு உண்டு. டயர் ரிம்மைவிடப் பிதுங்கி நின்றால், ஆழத்துக்குக் கொடுத்த பணத்தின் பலனில் ஒரு பகுதியைக் காற்றே கொண்டுபோய்விடும். எல்லாம் சரியாக அமைந்த 50 மில்லிமீட்டர் சக்கர இணை, மணிக்கு 45 கிலோமீட்டர் வேகத்தில் 15 வாட் மிச்சப்படுத்துகிறது என்று கொள்வோம். காற்றை எதிர்க்கும் ஆற்றல் வேகத்தின் மும்மடியாக (வேகம் இரட்டித்தால் எட்டு மடங்காக) ஏறுவதால், 30 கிலோமீட்டரில் அது நாலரை வாட்டுக்குக் கீழே இறங்கிவிடும். என் சாலையில் நான் கண்ட கால் கிலோமீட்டர் இந்த நாலரை வாட்டின் பலன்தான்.

இங்கே சிலர் அவசரப்பட்டு, மெதுவாக ஓட்டுகிறவருக்கு ஆழமான சக்கரம் வீண் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த முடிவை நான் ஏற்கவில்லை. வாட் கணக்கில் சிறியதானாலும், அவர் செலவிடும் மொத்த ஆற்றலும் சிறியதுதான் என்பதால் வேகமானவர், மெதுவானவர் இருவருக்கும் கிடைக்கும் பலன் வேகத்தில் ஏறத்தாழ ஒரு விழுக்காடு. 40 கிலோமீட்டர் தூரத்தை 30-இல் ஓட்டுகிறவர் 50 விநாடிகளையும், 45-இல் ஓட்டுகிறவர் 40 விநாடிகளுக்குச் சற்றுக் குறைவாகவும் மிச்சம் பிடிக்கிறார்கள். சாலையில் அதிக நேரம் இருப்பவருக்கு விநாடிகளும் கூடுதலாகச் சேர்கின்றன. வேகமானவருக்கு அந்த 40 விநாடி பதக்கமாக மாறக்கூடும், மற்றவருக்கு அது வீட்டுக்கு 50 விநாடி முன்னால் வந்து சேர்வது என்பதுதான் வேறுபாடு. கூட்டமாக ஓட்டி, பெரும்பாலும் பிறர் முதுகுக்குப் பின்னால் ஒதுங்குகிறவர்களுக்கு இந்த அளவும் கிடைக்காது.

ஒரே நாளில் பலவற்றை மாற்றிவிட்டுக் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதற்குப் புகழைக் கொடுப்பது என்னோடு தொடங்கியதல்ல. 1972-இல் பெல்ஜிய சைக்கிள் வீரர் எடி மெர்க்ஸ் மெக்சிகோ நகரில் சாதாரணக் கம்பிச் சக்கரங்களில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். 1984-இல் அதே நகரில் இத்தாலிய வீரர் பிரான்செஸ்கோ மோசர் அந்தச் சாதனையை நான்கு நாள் இடைவெளியில் இரண்டு முறை கடந்து 51.151 கிலோமீட்டரில் நிறுத்தினார். எல்லோர் கண்ணிலும் பட்டவை கம்பிகள் தெரியாமல் தட்டுப்போல் மூடிய அவருடைய தட்டுச் சக்கரங்கள். வண்டியின் சட்டமும் கைப்பிடியும் உடலை ஒட்டிய உடையும் மாறியிருந்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை. பிரிட்டிஷ் வீரர் கிறிஸ் போர்டுமேன் இந்தக் குழப்பத்துக்கு இன்னும் நல்ல உதாரணம்: 1996-இல் கைகளை முன்னே முழுக்க நீட்டிய நிலையில் 56.375 கிலோமீட்டர் ஓட்டியவர், மெர்க்ஸ் காலத்து வண்டியை ஒத்த வண்டிக்கென வகுத்த விதிகளின்படி 2000-இல் ஓட்டியபோது எட்டியது 49.441 கிலோமீட்டர். மெர்க்ஸைவிடப் பத்தே மீட்டர் கூடுதல். இடையே தொலைந்த ஏழு கிலோமீட்டரில் சக்கரத்துக்கும் பங்கு உண்டு, ஆனால் பெரும்பங்கு அந்த நீட்டிய கைகளுக்கு உரியது. நம் அளவிலும், முழங்கையை மடக்கித் தலையைத் தாழ்த்தி ஓட்டுவதும், காற்றில் படபடக்கும் சட்டையை மாற்றுவதும் 50 மில்லிமீட்டர் ரிம்மைவிட அதிகம் தரும்.

குறைகளில் முதலாவது பக்கக்காற்று. மதில் ஓரமாகப் போய்க்கொண்டிருந்து அது முடியும் இடத்தில் வெட்டவெளிக்கு வரும்போதும், எதிரே லாரி ஒன்று கடந்து போகும்போதும், ஹேண்டில்பாரை யாரோ பக்கவாட்டில் விரலால் சுண்டிவிட்டதுபோல் முன்சக்கரம் துள்ளுகிறது. உடல் எடை குறைந்தவர்கள் முன்னால் 35 மில்லிமீட்டர் போட்டுக்கொண்டு பின்னால் மட்டும் ஆழமாக வைத்துக்கொள்வது நல்லது. என் வண்டியில் டிஸ்க் பிரேக் என்பதால் கவலையில்லை. ரிம்மைப் பிடிக்கும் பிரேக் உள்ளவர்கள், நீண்ட இறக்கத்தில் கார்பன் சூடேறும் என்பதையும் அதற்கென்று தனி பிரேக் கட்டைகள் வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது. ரிம்மின் உட்புறம் டயரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி விளிம்பு இல்லாத வகையாக இருந்தால் காற்றழுத்தம் 5 பாரை (சுமார் 72 பிஎஸ்ஐ) தாண்டக் கூடாது, அந்த வகைக்கு ஏற்றது என்று தயாரிப்பாளர் சொல்லும் டயரையே போட வேண்டும். 110 பிஎஸ்ஐ பழக்கத்தில் இருந்த என்னைப் போன்றவர்களுக்கு இது விளையாட்டல்ல.

என் பழைய சக்கரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை நியாயமாகச் சொல்ல வேண்டும். அதன் ஹப்பில் பேரிங்கை அழுத்திப் பிடிக்கும் கோன் சற்றே இறுக்கமாக இருந்தது, கிரீஸ் கருத்துக் கட்டியாகியிருந்தது, பின் ரிம்மில் ஒரு மில்லிமீட்டர் கோட்டம் இருந்தது. மெக்கானிக் ஒரு மாலைப் பொழுதில் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார். புதிய சக்கரம் வாங்க நினைப்பவர்கள் முதலில் பழையதை இப்படிச் சீர்செய்து, நல்ல டயர் போட்டு, காற்றை அளவாக வைத்து ஒரு மாதம் ஓட்டிப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் ஆசை தீரவில்லையென்றால் வாங்கலாம். வாங்கினதற்கு நான் வருத்தப்படவில்லை, விற்கவும் போவதில்லை. ஆனால் எவ்வளவு வேகம் கூடியது என்று அளந்து பார்க்க விரும்புகிறவர்கள், பவர் மீட்டரே ஒன்றிரண்டு விழுக்காடு பிசகும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 150 வாட்டில் அது மூன்று வாட் வரை. தேடுகிற வேறுபாடோ நாலரை வாட். காற்றில்லாத விடியலில், பழையதும் புதியதுமாக மாற்றி மாற்றிப் பல முறை ஓட்டினால்தான் ஏதாவது தெளியும்.

போன வாரம் பின் ஹப்பைத் திறந்து, மிதிக்காதபோதும் சக்கரத்தைச் சுழல விடும் ஃப்ரீஹப்பின் பல்லிணைப்பில் கிரீஸை வழக்கத்தைவிடத் தாராளமாக வைத்தேன். மிதிப்பதை நிறுத்தினால் முன்பு எழுந்த 'கிர்ர்' என்ற உரத்த சத்தம் முணுமுணுப்பாகக் குறைந்துவிட்டது. மறுநாள் அதே சாலையில் வண்டி சோம்பலாகப் போவதுபோலவே எனக்கு இருந்தது. மீட்டரைப் பார்த்தேன், 150 வாட், வேகம் முந்தைய வாரம் இருந்ததேதான்.