ரெண்டாவது கழுநீர் மண்டி

காரைக்குடியில் செக்காலை ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், பழைய வீட்டு வளவில் நடக்கும் மெஸ் இது. பெயர்ப்பலகை கிடையாது. திண்ணையில் சாய்த்து வைத்த கரும்பலகையில், சந்தையிலிருந்து அன்றைக்கு வந்த காய்களைச் சாக்பீஸில் எழுதியிருப்பார்கள். போன சித்திரையில் முதல் தடவை போனபோது மாங்காய்ப் பச்சடியும் பலாக்காய்ப் பிரட்டலும் சாப்பிட்டேன். அந்த நினைப்பிலேயே பொங்கல் முடிந்த வாரம் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மாங்காயும் இல்லை, பலாவும் இல்லை. பச்சை மொச்சை, சிறுகிழங்கு, பரங்கி, கத்தரி, அவரை என்று தை மாசத்தையே பலகையில் எழுதி வைத்திருந்தார்கள்.

அம்மா பள்ளத்தூர்க்காரர். மூட்டுவலி வந்த பிறகு அடுப்படியில் அதிக நேரம் நிற்க முடிவதில்லை. ஆனால் வெளியில் எங்கே கூட்டிப் போனாலும் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு இலையை மூடிவிடுவார். அதில் நியாயம் இருக்கிறது. செட்டிநாட்டுச் சமையல் என்று பெரிதாக எழுதிப் போட்டிருந்த ஒரு ஓட்டலில், கோழி, காளான், பன்னீர் மூன்றுக்கும் ஒரே குழம்பை ஊற்றிக் கொடுத்தார்கள். காரமும் கலர்ப்பொடியும்தான் நம் ஊர்ச் சாப்பாடு என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டு போவது எனக்கு நிஜமாகவே வருத்தம். கல்பாசி, மராட்டி மொக்கு மாதிரி மசாலாவெல்லாம் கறிக்குழம்புக்குச் சரி. வீட்டில் தினப்படி நடப்பது மண்டி, மசியல், கோசமல்லி, துவட்டல் என்று காயை வைத்துத்தானே?

இங்கே இலையில் கடைசியாக வந்தது, கத்தரிக்காயும் பச்சை மொச்சையும் போட்ட மண்டி. அரிசி களைந்த கழுநீரில் புளி கரைத்து வைப்பது. சின்ன வெங்காயமும் பூண்டும் முழுசு முழுசாகக் கிடந்தன. மொச்சையை அழுத்தினால் மாவாக மசிகிறது, ஆனால் அதுவரை தோல் பிரியாமல் நிற்கிறது. அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். அப்புறம் அடுப்படிப் பக்கம் திரும்பி, "ஆச்சி, எத்தனாவது கழுநீர்ல வச்சீங்க?" என்றார்.

"ரெண்டாவதுலதான். மொதத் தண்ணி மாட்டுக்குப் போயிரும்" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அம்மா மறுசோறு கேட்டு வாங்கினார். கழுநீர் கொடுக்கிற அந்த லேசான கொழகொழப்பைச் சோள மாவு கரைத்து ஊற்றிக் கொண்டுவர முடியாது. புளிப்பு நாக்கைக் கடிக்காமல் அடங்கியிருந்ததும் அதனால்தான்.

சிறுகிழங்கையும் சொல்ல வேண்டும். அதைச் சாக்கில் போட்டுத் தரையில் அடித்துத் தேய்த்தால்தான் மண்ணும் தோலும் போகும். அவ்வளவு வேலைக்குப் பயந்தே ஓட்டல்காரர்கள் அதன் பக்கம் போவதில்லை. இவர்கள் சோம்பு தட்டிப் போட்டு, ஓரம் மொறுகும்வரை வறுத்திருந்தார்கள். கடித்ததும் அந்த மண்வாசனை வந்தது. பரங்கிக்காய் பால்கறியில் இனிப்பு தூக்கல், எனக்குப் பிடிக்கவில்லை. அம்மா அதையும் மிச்சம் வைக்கவில்லை.

சாப்பாடு 130 ரூபாய். கோழி ஞாயிற்றுக்கிழமை மட்டும். நாலே மேசை, 16 பேர் உட்காரலாம் என்பதால் ஒரு மணிக்கு மேல் போனால் திண்ணையில் காத்திருக்க வேண்டும். நாங்கள் அரை மணி நேரம் காத்திருந்தோம், அதற்குள் கவுனி அரிசி தீர்ந்துவிட்டது. பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன நம் ஆட்கள் அங்கிருந்து கொண்டுவந்த கறுப்பரிசி என்பார்கள். முந்தின இரவே ஊறவைத்தால்தான் வேகும், நினைத்தவுடன் இன்னொரு பானை ஏற்ற முடியாது. அது புரிகிறது. ஆனால் தீர்ந்ததும் பலகையில் அழித்துவிட்டிருந்தால் அம்மா அதை எதிர்பார்த்து வயிற்றில் இடம் வைத்திருக்க மாட்டார்.

கிளம்பும்போது மண்டி மட்டும் தனியாக 40 ரூபாய்க்கு ஒரு தூக்கில் வாங்கிக்கொண்டோம். மறுநாள் காலையில் பழைய சோற்றுக்குத் தொட்டுச் சாப்பிட்டபோது புளி மொச்சைக்குள் இறங்கியிருந்தது, முந்தின நாளைவிட ருசி. மாசிக் கடைசியில் மாவடு வந்துவிடும் என்று ஆச்சி சொல்லியிருக்கிறார். அம்மா காலண்டரை எடுத்துப் பார்த்துவிட்டார்.