ஆசனங்களில் கோணங்கள்: ஓர் அட்டைத் தொகுப்பின் மதிப்புரை

ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்குக் கோணங்களை யோகாசனங்களின் வழியே கற்பிப்பதற்காக வந்திருக்கும் இந்த அட்டைத் தொகுப்பில், ஒவ்வோர் அட்டையின் முன்புறம் ஓர் ஆசனத்தின் படமும், பின்புறம் அதே உருவத்தை வெறும் கோடுகளாகச் சுருக்கிய வரைபடமும் இருக்கின்றன. கோணத்தை அளக்க, இரு கைகள் ஓர் ஆணியில் திரும்பும் மர அளவி ஒன்றும், தடித்த அட்டையில் வெட்டிய செங்கோண மூலை ஒன்றும், பெரியவர்களுக்கான சிறு கையேடும் உடன் வருகின்றன. கணிதத்தைப் பொறுத்தவரை இந்தத் தொகுப்பு நன்றாகச் சிந்தித்துச் செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் உடலைக் கையாளும் இடத்தில், அதிலும் பாகை எண்களை அச்சிட்டிருக்கும் முறையில், எனக்கு உடன்பாடில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொகுப்பின் மிகச் சிறந்த அட்டை தண்டாசனம். கால்களை நீட்டி முதுகை நிமிர்த்தி உட்காரும் இந்த எளிய ஆசனத்தில் இடுப்பு ஒரு செங்கோணத்தின் உச்சியாகிறது. இதைக் காட்டுவது யாருக்கும் தோன்றக்கூடியதுதான். கையேடு இதற்கு மேலும் ஓர் அடி செல்கிறது. உயரமான குழந்தையையும் குட்டையான குழந்தையையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரே அட்டை மூலையை இருவரின் இடுப்பிலும் பொருத்திப் பார்க்கச் சொல்கிறது. கோணத்தின் இரு பக்கக் கோடுகளான கதிர்களை நீளமாக வரைந்தால் கோணமும் பெரிதாகிவிடும் என்ற தவறான எண்ணம் பல குழந்தைகளிடம் வெகுகாலம் ஒட்டிக்கொண்டிருப்பதைக் கணித ஆசிரியர்கள் அறிவார்கள். கரும்பலகையில் எத்தனை முறை மறுத்தாலும் அசையாத அந்த எண்ணம், நீளமான கால்களுக்கும் குட்டையான கால்களுக்கும் ஒரே மூலை பொருந்துவதைக் கண்ணால் கண்டவுடன் ஆட்டம் காண்கிறது. அதே ஆசனத்தில் இருந்தபடியே கையைத் தொடைமேலிருந்து மெல்ல உயர்த்தித் தரைக்கு இணையாகவும், பின்னர் தலைக்கு மேல் நேராகவும் கொண்டுபோகச் சொல்வது இன்னும் நல்ல யோசனை. தோளில் உடற்பகுதிக்கும் கைக்கும் இடையே உள்ள கோணம் குறுங்கோணத்தில் தொடங்கி, செங்கோணத்தைத் தொட்டு, விரிகோணமாகி, 180 பாகையில் நேர்கோணமாக முடிகிறது. அசையாத வடிவமாக மட்டுமே கோணத்தைப் பார்த்துப் பழகிய குழந்தை, அது ஒரு திரும்புதலின் அளவும்கூட என்பதைத் தன் தோளிலேயே உணர்கிறது.

அளப்பதற்கு முன் ஒப்பிடவைப்பது கையேட்டின் இன்னொரு நல்ல முடிவு. முதற்பகுதி முழுவதும் எண்ணே கிடையாது. செங்கோண மூலையைவிடச் சிறியதா, பெரியதா, சரியா என்ற கேள்வி மட்டுமே உண்டு. உட்கார்ந்தபடி உடற்பகுதியைச் சாய்த்துக் கால்களை உயர்த்தும் நாவாசனத்தில்தான் பாகைகள் வரத் தொடங்குகின்றன. உடற்பகுதி தரையோடு 45 பாகையிலும், எதிர்ப்பக்கம் உயர்த்திய கால்கள் தரையோடு 45 பாகையிலும் இருந்தால் நடுவில் மீதமிருப்பது 90 பாகை. கால்களை 30 பாகைக்கு இறக்கினால் நடுக்கோணம் 105 ஆகி விரிகோணமாகிறது. ஒரு நேர்கோட்டின்மேல் அமையும் கோணங்களின் கூடுதல் 180 பாகை என்ற விதியைப் பாடமாக ஒப்பிக்காமலேயே குழந்தை பயன்படுத்திவிடுகிறது.

கைகளையும் பாதங்களையும் தரையில் ஊன்றி இடுப்பை உயர்த்தும் அதோமுக சுவானாசன அட்டையில் முக்கோணம் வருகிறது. உள்ளங்கையிலிருந்து பாதம் வரை தரையில் ஒரு கயிற்றை நீட்டிவைத்தால், கைகளும் முதுகும் ஒரு பக்கம், கால்கள் மற்றொரு பக்கம், கயிறு மூன்றாம் பக்கம். இடுப்பில் 80 பாகை, கை தரையைத் தொடுமிடத்தில் 50 பாகை எனத் தெரிந்தால் பாதத்தில் எத்தனை என்று அட்டை கேட்கிறது. பின்பு பாதங்களைக் கைகளின் பக்கம் சற்று நகர்த்தச் சொல்லி, எந்தக் கோணம் சுருங்குகிறது, எவை விரிகின்றன என்று பார்க்கச் சொல்கிறது. ஒன்று குறைந்தால் மற்ற இரண்டும் சேர்ந்து அதே அளவு கூடித்தான் ஆகவேண்டும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு பயிற்சியை நான் அதிகம் பார்த்ததில்லை. 180 பாகையைவிடப் பெரிய பின்வளைகோணத்தையும் இங்கேயே முடித்திருக்கலாம். இடுப்பின் உட்புறம் 80 என்றால் வெளிப்புறம் 280 தானே? குழந்தைகள் மிகவும் குழம்பும் அந்த வகைக்குத் தொகுப்பு மொத்தத்திலும் ஒரே ஓர் அட்டைதான் இருக்கிறது, அதுவும் மனத்தில் நிற்கும்படி இல்லை.

முன்காலை மடித்துப் பின்காலை நீட்டி நிற்கும் இரண்டாம் வீரபத்ராசனத்தில் முன்முழங்காலின் 90 பாகையோடு நின்றுவிட்டதும் ஒரு தவறவிட்ட வாய்ப்பு. முன்தொடை தரைக்கு இணையாக வரும்போது இடுப்பின் உயரம் ஏறக்குறைய கீழ்க்காலின் நீளம். தொடையும் கீழ்க்காலும் ஏறத்தாழச் சம நீளம் என்று கொண்டால், நீட்டிய பின்காலின் நீளம் அந்த உயரத்தைப் போல் இருமடங்கு. அப்படியானால் பின்கால் தரையோடு அமைக்கும் கோணம் 30 பாகையை ஒட்டியும், முன்தொடைக்கும் பின்காலுக்கும் இடையே உள்ள கோணம் 150 பாகையை ஒட்டியும் வரவேண்டும். காரணம் பின்னாளில் முக்கோணவியலில் தெரியட்டும். அளந்து பார்க்கும் மகிழ்ச்சியை இப்போதே கொடுத்திருக்கலாம்.

இனி குறைகள். தாளில் உள்ள கோணம் ஒரு தளத்தில் கிடக்கிறது. உடல் அப்படிக் கிடப்பதில்லை. ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்தில் மடித்த முழங்கால் பக்கவாட்டில் மட்டுமல்லாமல் சற்று முன்னோக்கியும் இருப்பதால், நேர் முன்னால் நிற்கும் குழந்தைக்கு ஒரு கோணமும் ஓரமாக நிற்கும் குழந்தைக்கு வேறொரு கோணமும் தெரியும். இருவரும் கவனமாகப் பார்த்திருந்தும் விடைகள் ஒத்துவராது. அளவியின் இரு கைகளும் தொடையோடும் கீழ்க்காலோடும் ஒட்டியிருக்கும்படி வைத்து அளந்தால் சிக்கல் தீரும் என்ற ஒரு வரியைக் கையேட்டில் தேடினேன், கிடைக்கவில்லை. பஸ்சிமோத்தானாசனத்தில் வேறு வகைச் சிக்கல். முன்னால் குனியும்போது முதுகு வளைகிறது, வளைந்த கோடு கதிர் ஆகாது. இடுப்பிலிருந்து தோளுக்கு ஒரு நேர்கோட்டைக் கற்பனை செய்துகொள்ளச் சொல்லவேண்டும், அல்லது அந்த அட்டையை நீக்கிவிடவேண்டும். பின்புறத்து வரைபடம் முதுகை விறைப்பான ஒற்றைக் கோடாகக் காட்டி, இல்லாத ஒன்றை இருப்பதாகச் சொல்கிறது.

இவற்றைவிடப் பெரிய குறை, முதற்பகுதியைத் தாண்டியதும் ஒவ்வோர் ஆசனத்தின் படத்திலும் பாகை எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது. 90 என்று படத்தில் இருந்தால் 90 வரவில்லையே என்று குழந்தை முழங்காலை இன்னும் மடிக்கும். கால்களை அகட்டி நீட்டி நிற்கும் திரிகோணாசனத்தில் முழங்காலுக்கு 180 என்று இருந்தால் முழங்காலைப் பின்னோக்கித் தள்ளிப் பூட்டும். மூட்டுகள் இயல்பாகவே மிகவும் நெகிழ்ந்திருக்கும் குழந்தைகளுக்கு முழங்காலும் முழங்கையும் 180 பாகையைத் தாண்டிப் பின்னால் வளையக்கூடும் என்பதால், அவர்களைக் கோணத்துக்காக அழுத்தவைப்பது தீங்கு. மேலும், உடல் விகிதங்களும் தசைகளின் இறுக்கமும் ஆளுக்கு ஆள் வேறுபடும்போது எல்லாருக்கும் ஒரே எண் எப்படிப் பொருந்தும்? பதஞ்சலியின் யோகசூத்திரம் இரண்டாம் பாதத்தின் (அத்தியாயத்தின்) 46ஆம் சூத்திரத்தில் ஆசனத்துக்கு வகுக்கும் இலக்கணம் உறுதியும் சுகமும்தான். பாகைக் கணக்குக்கு அங்கே இடமில்லை. கோணம் குழந்தை தன் உடலில் கண்டுபிடித்து எழுதவேண்டிய அளவாக இருக்கவேண்டுமே தவிர, எட்டிப் பிடிக்கவேண்டிய இலக்காக இருக்கக்கூடாது. எனவே வாங்குபவர்கள் முதல் வேலையாக அந்த எண்களின்மேல் ஒரு சிறு காகிதத் துண்டை ஒட்டி மறைத்துவிடலாம். ஒரு குழந்தை வசதியாக நிற்க, இன்னொரு குழந்தை முதலில் ஊகித்து, பிறகு அளந்து, மூன்றாவது குழந்தை இரண்டையும் குறித்துக்கொள்ளும் முறையில் விளையாடினால், ஊகத்துக்கும் அளவுக்கும் உள்ள வேறுபாடே அடுத்த உரையாடலுக்குப் போதுமான பொருளைத் தரும். ஒரே ஆசனத்தை இருவர் அளந்து சில பாகைகள் வேறுபட்டாலும் கவலை வேண்டாம். மூட்டு என்பது புள்ளியல்ல என்று பேசுவதற்கு அது நல்ல இடம்.

சிரசாசனத்தையும் சர்வாங்காசனத்தையும் சேர்க்காமல் விட்டதற்குத் தயாரிப்பாளர்களைப் பாராட்டவேண்டும். நேர்கோணத்தைக் காட்ட அவை கவர்ச்சியான படங்களாக இருந்திருக்கும். பயிற்சி பெற்ற ஆசிரியர் அருகில் இல்லாத இடத்தில் குழந்தையின் கழுத்தில் எடையை ஏற்றும் ஆசனங்களுக்குக் கணித விளையாட்டில் வேலையில்லை.

அட்டைகள் தடிமனானவை, வியர்த்த கைகளில் மை கலையவில்லை. அளவியின் ஆணி நாளடைவில் தளர்ந்து, அளந்த கோணத்தைத் தாளுக்குக் கொண்டுவருவதற்குள் அதன் கைகள் நழுவிவிடுகின்றன. இறுக்கும் திருகு ஒன்று இருந்திருக்கவேண்டும். ஒன்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எண்கள் இல்லாத முதற்பகுதி போதும். வீட்டில் ஒரே குழந்தை இருந்தால், கைபேசியில் படமெடுத்துத் திரையிலோ அச்சிட்ட தாளிலோ கோணமானியை வைத்து அளக்கலாம். கைபேசி அளக்கவேண்டிய மூட்டின் உயரத்தில், அந்தக் கோணத்தின் தளத்துக்கு நேர் எதிரே இருக்கவேண்டும்; மேலிருந்தோ ஓரமாகவோ எடுத்த படத்தில் செங்கோணம்கூடச் செங்கோணமாக அளவுக்கு வராது.