சென்னை – சிங்கப்பூர்: பதினோரு வருடம் போய் வந்ததில் தெரிந்துகொண்டது

வேலை சிங்கப்பூரில், வீடு தாம்பரத்தில். பதினோரு வருடமாக, வருடத்துக்கு மூன்று நான்கு தடவை இந்த விமானத்தில் போய் வருகிறேன். விமானம் மேலே எழும்பிய நேரத்தையும் தரை தொட்ட நேரத்தையும் ஒரு சின்ன நோட்டில் குறித்து வைப்பது வழக்கம்.

வான்வழித் தூரம் சுமார் 2,900 கி.மீ. டிக்கெட்டில் நாலேகால், நாலரை மணி நேரம் என்று போட்டிருக்கும். நோட்டைப் புரட்டினால் வானத்தில் இருந்தது பெரும்பாலும் நாலு மணிக்குச் சற்று முன்பின். மிச்சம் தரையில் ஊர்வதும் காத்திருப்பதும்.

புதிதாகப் போகிறவர்கள் ஏமாறுவது கடிகாரத்தில்தான். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். இரவு 11:30க்கு ஏறினால் காலை 6:15க்கு இறக்கிவிடும். ஆறே முக்கால் மணி நேரம் தூங்கிவிடலாம் என்று நானும் முதல் தடவை நினைத்தேன். உண்மையில் நாலேகால்தான். சாப்பாடு, விளக்கு எல்லாம் போக இரண்டு மணித் தூக்கம் கிடைத்தால் பெரிது.

இரண்டு ஊருக்கும் சூரியக் கணக்கில் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் 1982 ஜனவரி 1 அன்று சிங்கப்பூர் தன் கடிகாரத்தை அரை மணி முன்னால் நகர்த்தியது. அதற்கு முன்பு நமக்கும் அவர்களுக்கும் இரண்டு மணி நேரமே வித்தியாசம். அங்கே விடிவதே ஏழு மணி வாக்கில். 6:15க்கு ஜன்னல் பக்கம் திரும்பினால் கும்மிருட்டு, கண்ணாடியில் ஈரம், தூரத்தில் ஓடுதள விளக்குகள் மட்டும். நம் ஊரில் அப்போது 3:45. நேராக அலுவலகம் போய் இரண்டு தடவை பட்டுவிட்டேன். முடிந்தவர்கள் பகல் விமானத்தில் போங்கள்.

இன்னொரு விஷயம் காற்று. தென்மேற்குப் பருவக்காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலே, மிக உயரத்தில், கிழக்கிலிருந்து பலமான காற்று வீசுகிறது. 1950களில் இதை ஆராய்ந்து விளக்கியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். என் நோட்டில் ஜூலை, ஆகஸ்டில் சென்னை திரும்பிய பயணங்கள் பல பத்துப் பதினைந்து நிமிடம் முன்கூட்டியே முடிந்திருக்கின்றன. அதே மாதங்களில் போகும்போது ஒரு தொல்லை உண்டு. சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் கிளம்பி வரும் புயல்மழை, சரியாக நம் விமானம் இறங்கும் நேரத்தில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தைத் தொடும். ஒரு முறை இருபத்தைந்து நிமிடம் மேலேயே வட்டமடித்தோம். அடுத்த விமானத்துக்கு மாறுகிறவர்கள் இடையில் மூன்று மணி நேரமாவது விட்டு வையுங்கள்.

திரும்பி வரும்போது அதே கடிகாரம் நம் பக்கம். இரவு 8 மணிக்குக் கிளம்பினால் 9:45க்கு மீனம்பாக்கம். தாத்தா ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிப் போனவர். அவருடைய அம்மா இறந்த செய்தி கிடைத்தபோது, அடுத்த கப்பல் பிடித்து வருவதற்குள் பதினாறாம் நாளே முடிந்துவிட்டதாம். போன வருடம் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்று மத்தியானம் போன் வந்தது. அன்றைய எட்டு மணி விமானத்தில் இடம் கிடைத்தது. கைப்பை மட்டும்தான், பெட்டிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. பதினொன்றரை மணிக்கு ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்றேன். அப்பா கண்ணைத் திறந்து, "சாப்பிட்டியாப்பா?" என்றார்.