நேற்றைய செய்தியை மாற்ற முடிகிற வழி எது? பெருந்தொற்றுக் காலத்தில் நோயாளிகளுக்குத் தகவல் சேர்க்கும் முறைகள்: ஓர் ஒப்பீடு

பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு சமூக நலவாழ்வு மையம் தன் நோயாளிகளிடம் சேர்க்க வேண்டிய செய்திகள் மிகச் சிலவே. மையம் எத்தனை மணிக்குத் திறக்கும், காய்ச்சல் உள்ளவர் எந்த வாசல் வழியாக வர வேண்டும், மாத மருந்தை வீட்டில் வேறொருவர் வந்து வாங்கலாமா, தடுப்பூசியின் இரண்டாம் தவணை எப்போது, இரவில் மூச்சுத் திணறினால் யாரை அழைப்பது என்ற ஐந்தாறு கேள்விகளுக்குள் எல்லாம் அடங்கிவிடும். ஆனால் இவற்றுக்கான விடைகள் நிலையாக நிற்பதில்லை. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனம், உடல்நலத்தோடு இருக்கும் பொதுமக்கள் அனைவரும் முகக்கவசம் அணிவதால் பயன் உண்டு என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது. அதே ஆண்டு ஜூன் 5 அன்று, தொற்று பரவலாக இருந்து இடைவெளி விட இயலாத இடங்களில் துணிக் கவசம் அணிய மக்களை ஊக்குவிக்கும்படி அரசுகளுக்கு அறிவுறுத்தியது. இரண்டுமே அந்தந்த நாளில் கிடைத்த அறிவை வைத்துச் சொல்லப்பட்ட நேர்மையான அறிவுரைகள். ஆயினும் ஏப்ரல் அறிவுரையைச் சுவரில் ஒட்டி, கைப்பேசிகளுக்கு அனுப்பி, பணியாளர்களிடம் சொல்லியனுப்பிய ஒவ்வொரு மையமும் ஜூனில் அதைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது.

தகவல் முறைகளை ஒப்பிடும்போது, எத்தனை பேரைச் சேரும், எவ்வளவு செலவாகும் என்ற இரண்டோடு நாம் பெரும்பாலும் நின்றுவிடுகிறோம். அந்நாட்களில் ஒரு மையத்தில் நோயாளிப் பதிவேட்டையும் அறிவிப்புகளையும் கவனித்துக்கொண்டவன் என்ற முறையில், வேறு இரண்டு கேள்விகளை இவற்றுக்கு முன்னால் வைக்கிறேன். நேற்றுச் சொன்னது இன்று தவறாகிவிட்டால், அந்த முறையில் அதை மாற்ற முடியுமா? செய்தியைப் பெற்றவர் நம்மிடம் திருப்பி ஒரு கேள்வி கேட்க முடியுமா?

வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகை எல்லாவற்றிலும் எளியது. பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டினால் பழைய செய்தி அத்துடன் ஒழிந்தது. நடைமுறையில் யாரும் கிழிப்பதில்லை என்பதுதான் தொல்லை. எங்கள் பலகையில் ஒருமுறை நான்கு தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. மேல்தாளின் மூலை பசை விட்டு மடங்கியதில், அடியிலிருந்த ‘மாலை 4 முதல் 6 வரை’ என்ற வரி வெளியே தெரிந்தது. மாலைப் பிரிவை நிறுத்தி அப்போது மூன்று வாரமாகியிருந்தது. அதை நம்பி ஒரு முதியவர் பூட்டிய கதவுக்கு எதிரே படியில் உட்கார்ந்திருந்தார். அன்று முதல் ஒவ்வொரு தாளிலும் தேதியைத் தலைப்பைவிடப் பெரிதாக எழுதினோம். எனினும் பலகையின் அடிப்படைக் குறை அப்படியேதான் இருக்கிறது: நேரில் வர வேண்டாம் என்ற செய்தியைப் படிப்பதற்கே ஒருவர் நேரில் வந்தாக வேண்டும்.

குறுஞ்செய்திக்கு அந்தக் குறை இல்லை. இணையம் வேண்டாம், பொத்தான் கைப்பேசியே போதும், நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சில நிமிடங்களில் போய்விடும். அதன் நெருக்கடி இடத்தில். ஆங்கில எழுத்துகளில் ஒரு குறுஞ்செய்தி 160 குறிகளைக் கொள்ளும்; தமிழ் ஒருங்குறியில் (யூனிகோட் என்ற எழுத்துக் குறியீட்டு முறையில்) செல்வதால் நமக்குக் கிடைப்பவை 70 மட்டுமே. அந்த எழுபதும் முழு எழுத்துகள் அல்ல. ‘தடுப்பூசி’ என்ற சொல் கண்ணுக்கு ஐந்து எழுத்து, கணக்கில் ஒன்பது. ஏனென்றால் மெய்யின் புள்ளியும் உகர, ஊகார, இகரக் குறிகளும் ஆளுக்கோர் இடம் பிடித்துக்கொள்கின்றன. எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டானபின் ஒவ்வொன்றிலும் 67 குறிகளே கொள்ளும், கட்டணமும் துண்டுக்கு ஒன்று. பழைய கைப்பேசிகள் சிலவற்றில் துண்டுகள் ஒட்டாமல் தனித்தனியாக வந்து நிற்கும். புதியவற்றில் ஒட்டினாலும், பூட்டிய திரையில் தெரிவது முதல் வரி மட்டுமே.

தமிழில் இதன் விளைவு கடுமையானது, ஏனென்றால் நம் வாக்கியத்தில் வினை கடைசியில் நிற்கிறது. ‘வரவும்’ என்பதா ‘வர வேண்டாம்’ என்பதா என்று தீர்மானிக்கும் சொல்தான் வெட்டுப்படுகிறது. நாங்கள் முதலில் அனுப்பிய செய்தி ‘காய்ச்சல், இருமல் உள்ளவர்கள் நமது மையத்துக்கு’ என்று தொடங்கி, நேரம், நாள், மாற்று ஏற்பாடு எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, முடிவில்தான் நேரில் வர வேண்டாம் என்றது. மறுநாள் காலை காய்ச்சலோடு வந்த ஒருவர் கைப்பேசியை நீட்டி, நீங்கள்தானே வரச் சொன்னீர்கள் என்று கேட்டார். அவர் திரையில் இருந்தது முதல் பாதி மட்டும். தவறு முழுவதும் எங்களுடையது. அதன்பிறகு இப்படி எழுதினோம்: ‘முதலில் அழையுங்கள். காய்ச்சல் இருந்தால் நேரில் வர வேண்டாம்.’ எண்ணிப் பார்த்தால் 59 குறிகள். ஓர் இடைவெளியும் பத்து இலக்கத் தொலைபேசி எண்ணும் சேர்த்தால் சரியாக 70. ஒரு செய்திக்கு ஒரு செயல், அந்தச் செயல் முதல் சொல்லிலேயே என்ற ஒழுங்கை அந்த எழுபது கட்டம் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

அனுப்பிய குறுஞ்செய்தியைத் திரும்பப் பெற முடியாது. ஆனால் அடுத்த செய்தி அதே பெயரின் கீழ், நேரத்தோடு, பழையதற்கு அடியில் வந்து அமர்வதால் எது பிந்தியது என்பதில் குழப்பம் இல்லை. பரிசோதனை முடிவுகளை மட்டும் இதில் அனுப்பவே கூடாது. ஒரு வீட்டில் ஒரே கைப்பேசியை நான்கு பேர் எடுத்துப் பார்ப்பது சாதாரணம். முடிவு யாருடையதோ அவருக்கு முன்னால் மற்றவர்கள் படித்துவிடுவார்கள்.

வாட்ஸ்அப் இடத்தட்டுப்பாட்டை ஒழித்துவிடுகிறது. படம், குரல், வரைபடம் எல்லாம் போகும், நோயாளி பதிலும் எழுதலாம். உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் இதில் ஒரு தகவல் சேவையைத் தொடங்கியது. ஆகவே பலரும் இதையே முதல் தெரிவாகச் சொல்கிறார்கள். நான் இதில் குழுவையும், ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியலையும் (broadcast list) பிரித்துப் பார்க்கச் சொல்வேன், ஏனென்றால் ஒரு மையத்தின் கையில் இவை இரண்டும் முற்றிலும் வேறு கருவிகள்.

குழுவில் ஒருவருடைய எண் மற்ற எல்லோருக்கும் தெரியும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு குழு தொடங்குவதில் பெரிய தீங்கு நேராமல் போகலாம், காசநோய்க்கோ எச்.ஐ.வி.க்கோ மருந்து எடுப்பவர்களுக்கு ஒரு குழு தொடங்கினால், அதில் இருப்பதே நோயை ஊருக்கு அறிவிப்பதாகும். இந்த ஒரு காரணமே குழுவை ஒதுக்கப் போதுமானது என்பது என் உறுதியான கருத்து. நிர்வாகிகள் மட்டுமே பதிவிடலாம் என்று அமைத்தால் வதந்தி குறையும். ஆனால் கேள்வி கேட்கும் வாயும் அடைபட்டுவிடும், எண்களோ அப்போதும் வெளிப்பட்டே இருக்கும். ஒலிபரப்புப் பட்டியலில் எண்கள் மறைந்திருக்கும், பதிலும் மையத்துக்கு மட்டுமே தனியாக வரும். ஆனால் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான் கொள்வர். அதைவிட முக்கியமாக, மையத்தின் எண்ணைத் தன் கைப்பேசியில் சேமித்து வைத்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். எண்ணைச் சேமிக்கத் தெரியாத முதியவர்தான் நமக்கு முதலில் வேண்டியவர். மருந்து வாங்க வந்தவர்களிடம் கைப்பேசியை வாங்கி, அவர்கள் கண்முன்னே எண்ணைச் சேமித்துக் கொடுத்ததே எங்கள் மருந்தாளுநர் செய்த மிகப் பயனுள்ள தகவல் பணி.

செய்தியை மாற்றுவது என்ற கேள்வியில் வாட்ஸ்அப் தடுமாறுகிறது. எல்லோருக்கும் அழிக்கும் வசதி பெருந்தொற்றின் முதல் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குத்தான் இருந்தது; 2022இல்தான் இரண்டு நாட்களுக்கு மேல் நீண்டது. திருத்தும் வசதி 2023இல் வந்தது, அதுவும் 15 நிமிடங்களுக்கு. ஆனால் ஒருவர் பிறருக்கு முன்னனுப்பிய (forward செய்த) நகலை எந்த வசதியாலும் தொட முடியாது. பலமுறை முன்னனுப்பப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் நிறுவனம் கட்டுப்படுத்தியது. அது வேகத்தைக் குறைத்ததே தவிர, நகலை அழிக்கவில்லை. மையத்தின் பெயர் அச்சிட்ட படமாக ஓர் அறிவிப்பை அனுப்பினால் அது தேதி இல்லாமல் மாதக்கணக்கில் சுற்றும். எனவே தேதியும், எந்த நாள்வரை செல்லும் என்பதும் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும்.

இணையப் பக்கம் இதற்கு நேர்மாறானது. ஓரிடத்தில் திருத்தினால் போதும், அடுத்து வரும் எவரும் புதியதையே காண்பார். ஆனால் தேடி வருபவருக்கு மட்டுமே அது பயன்படும். சமூக வலைத்தளப் பக்கத்தில் இந்த நன்மையும் இல்லை. மூன்று வாரத்துக்கு முந்தைய பதிவு இன்றைய பதிவுக்கு மேலே வந்து நிற்கக்கூடும்.

இனி குரல். பதிவுசெய்த குரலைத் தானியங்கியாக அழைத்து ஒலிக்கச் செய்யும் முறை எழுதப் படிக்கத் தெரியாதவர்களையும் பார்வை மங்கியவர்களையும் எட்டுகிறது. அந்த வகையில் மேற்சொன்ன எழுத்து முறைகள் எதற்கும் இல்லாத சிறப்பு அதற்கு உண்டு. நோயாளிக்குப் பழகிய செவிலியரின் குரலாக இருந்தால் முழுதும் கேட்கிறார்கள். தெரியாத குரலாக இருந்தால் விளம்பரம் என்று எண்ணி வைத்துவிடுகிறார்கள்.

ஆள் பேசும் அழைப்போடு இதை ஒப்பிடவே முடியாது. 2020 மே முதல் ஜூலை வரை உலக சுகாதார நிறுவனம் நடத்திய கணக்கெடுப்பில் 105 நாடுகள் பதிலளித்தன. அவற்றில் சுமார் 90 விழுக்காடு நாடுகள் வழக்கமான மருத்துவச் சேவைகள் தடைப்பட்டதாகக் கூறின. தடைப்பட்டவர் யார், இன்சுலின் தீர்ந்து எத்தனை நாளாயிற்று என்பதை எந்தச் சுற்றறிக்கையும் அறிந்து வராது. அழைத்துப் பேசினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். சொன்னது புரிந்ததா என்பதும் அப்படியே. வீட்டில் தனித்திருந்த ஓர் அம்மாவிடம், இரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்ட விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் எண் 94க்குக் கீழே இறங்கினால் உடனே அழைக்கும்படி எங்கள் செவிலியர் சொன்னார். பிறகு வழக்கம்போல், “நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும், நீங்கள் ஒருமுறை திருப்பிச் சொல்லுங்கள் அம்மா” என்று கேட்டார். “தொண்ணூற்று நாலுக்கு மேலே ஏறினால் கூப்பிட வேண்டும்” என்றார் அந்த அம்மா. காய்ச்சல்மானியில் எண் ஏறுவதுதான் கெடுதல் என்று வாழ்நாள் முழுவதும் பழகியவர் அவர். தலைகீழாகப் புரிந்துகொண்டதில் வியப்பில்லை. அச்சிட்ட தாளாக இருந்திருந்தால் அந்தப் பிழை எங்கள் காதுக்கு வந்தே இருக்காது.

விலை என்னவென்றால் நேரம். ஓர் அழைப்புக்கு மூன்று நிமிடம் என்று வைத்தால் மணிக்கு 20 பேர். 400 நோயாளிகளுக்கு 20 மணி நேரம். இரண்டு பணியாளர் நாளொன்றுக்கு ஆளுக்கு இரண்டு மணி ஒதுக்கினால் ஐந்து நாளாகும், அதற்குள் செய்தியே மாறியிருக்கலாம். அழைப்பவரும் நோயில் விழக்கூடியவரே. 1918 இன்ஃபுளுவென்சாவின்போது பிலடெல்பியாவில் தொலைபேசி இணைப்பகப் பணியாளர்கள் பெருமளவில் நோயுற்றதால், தவிர்க்க முடியாத அழைப்புகளை மட்டும் செய்யும்படி தொலைபேசி நிறுவனம் நாளிதழ்களில் வேண்டுகோள் விடுக்க நேர்ந்தது. இணைப்பகம் இன்று தானியங்கி. நம் மேசையில் அழைப்பவர் அப்படி இல்லை.

களப்பணியாளர் வீடு தேடிப் போவது அழைப்பின் எல்லா நன்மைகளையும் கொண்டது. கூடவே வீட்டின் நிலையைக் கண்ணால் பார்க்கவும் முடிகிறது. 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, தொடக்ககால அறிவிப்புகள் இந்நோய்க்கு மருந்தில்லை என்பதையே அழுத்திச் சொன்னதால், மருந்தில்லாத இடத்துக்கு ஏன் போக வேண்டும் என்று பலர் நோயாளிகளை வீட்டிலேயே வைத்துக்கொண்டனர். அதை மாற்ற உதவியது, ஊர் நம்பிய மனிதர்கள் வாசலில் நின்று பேசிய பேச்சு. ஆனால் வாசல் வாசலாகச் செல்பவருக்குத் தொற்று வரும், அவராலும் பரவும். அதோடு, வாய்மொழியாகச் சென்ற செய்தி ஆளுக்கு ஆள் சற்று மாறும். கையில் தேதியிட்ட தாள் இல்லாமல் எவரையும் அனுப்பக் கூடாது.

ஒன்றை மட்டுமே தெரிவு செய்ய வேண்டும் என்றால் நான் ஆள் பேசும் அழைப்பையே தெரிவு செய்வேன், அதுவும் எல்லோருக்கும் அல்ல. இன்சுலின் எடுப்பவர், கர்ப்பிணி, காசநோய் மருந்தில் இருப்பவர், தனியாக வாழும் முதியவர், அண்மையில் தொற்று உறுதியானவர் ஆகியோரைப் பதிவேட்டிலிருந்து முன்கூட்டியே பிரித்தெடுத்து, அந்தப் பட்டியலுக்கு மட்டும். மற்றவர்களுக்கு எழுபது குறிகளுக்குள் குறுஞ்செய்தி; கைப்பேசி வசதியும் விருப்பமும் உள்ளவர்களுக்கு ஒலிபரப்புப் பட்டியல். குழு வேண்டாம். இவை அனைத்துக்கும் மூலமாக, நாள்தோறும் காலையில் ஒருவர் மட்டுமே திருத்தும் ஒற்றைத் தாள் ஒன்று இருக்க வேண்டும். பலகையில் ஒட்டுவதும், அழைப்பவர் பார்த்துப் படிப்பதும், களப்பணியாளர் கையில் கொண்டுபோவதும் அதே தாளாக இருந்தால், மாற்றம் வரும் நாளில் ஓரிடத்தில் மாற்றினால் போதும். நேற்றைய தாளை மாலையில் எண்ணித் திரும்ப வாங்கிக் கிழிப்பதும் அதே ஒருவரின் பொறுப்பு. மூன்று முறை அழைத்தும் எடுக்காதவர்களின் பெயர்களை அன்று மாலையே தனியாக எழுதிக் களப்பணியாளரிடம் கொடுத்துவிட வேண்டும். மறுநாள் காலை அவர் முதலில் போக வேண்டிய வீடுகள் அவை.