"67 வந்துருச்சு, இனி பிஆர் உறுதி" என்று எவராவது சொன்னால்

வளைகுடா ஏஜெண்டுகளின் தில்லுமுல்லு கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் எல்லோருக்கும் அத்துப்படி. ஃப்ரீ விசா, விசிட் விசா, சொன்ன சம்பளம் ஒன்று கொடுத்தது ஒன்று என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்தாயிற்று. ஆனால் கனடா பிஆர், அதாவது நிரந்தர வசிப்புரிமை என்றதும், வெளிநாடு போய்வரும் அதே சபராளிகள் பச்சைப்பிள்ளை ஆகிவிடுகிறார்கள். இதில் ஏமாற்றுகிறவர் முழுப்பொய் சொல்வதில்லை என்பதுதான் காரணம். உண்மையிலேயே இருக்கிற படிகளைத்தான் ஒவ்வொன்றாகக் காட்டுகிறார். இலவசமான படிக்கும் விலை வைக்கிறார், விழப்போகிற படியை மட்டும் மறைத்துவிடுகிறார்.

சமீபத்தில் இப்படி 4 லட்சத்து 60 ஆயிரம் இழந்தவர் ஒரு ஏசி மெக்கானிக். வயது 38, பாலிடெக்னிக் டிப்ளமோ, சவூதியின் தம்மாமில் 11 வருட வேலை, மனைவி, இரண்டு பிள்ளைகள். அவர் அனுமதியுடன், ஆள் அடையாளம் இல்லாமல் கணக்கை மட்டும் இங்கே பிரித்துப் போடுகிறோம். ராமநாதபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த "இலவச செமினார்" வழியாகத்தான் அந்த ஆலோசகர் அறிமுகம்.

முதல் தவணை 25,000, தகுதி மதிப்பீட்டுக்கு. கனடா அரசின் தளத்தில் அதே கேள்விகளுக்குப் பதில் போட்டால் பத்து நிமிடத்தில் காசில்லாமல் தெரிந்துவிடும். இரண்டாவது 60,000, படிப்புச் சான்றிதழை வெஸ் நிறுவனத்திடம் மதிப்பிட. அதற்கு உண்மையான கட்டணம் 250 கனடா டாலரை ஒட்டித்தான் வரும், நம் பணத்தில் 15, 16 ஆயிரம். மூன்றாவது 75,000, "எக்ஸ்பிரஸ் என்ட்ரி புரொஃபைல் ஓப்பனிங்". புரொஃபைல் திறக்கக் கனடா அரசு ஒரு டாலர்கூட வாங்குவதில்லை. நான்காவதுதான் பெரிய அடி: 3 லட்சம், "எல்எம்ஐஏ ஜாப் ஆஃபர்", அதாவது வெளிநாட்டு ஆளை எடுக்க முதலாளி வாங்கும் அரசு ஒப்புதலோடு கூடிய வேலைக் கடிதம்.

அந்த நான்காவது தவணை ஏன் தேவைப்பட்டது என்பதில்தான் சூட்சுமம்.

எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்பது திறன் தொழிலாளர்களைக் கனடா தேர்ந்தெடுக்கும் இணைய முறை. அதில் வரும் ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் திட்டத்தில் இரண்டு மதிப்பெண் கணக்குகள் உண்டு. முதலாவது 100-க்கு 67, வாசலைத் தாண்ட. மொழிக்கு 28, படிப்புக்கு 25, அனுபவத்துக்கு 15, வயதுக்கு 12, வேலை உறுதிக்கு 10, அங்கு ஒட்டிக்கொள்ளும் தகுதிக்கு 10 என்பது அதிகபட்சப் பங்கீடு. இரண்டாவது சிஆர்எஸ், 1200-க்கு. அழைப்பு வருவதும் வராததும் இந்த இரண்டாவதில்தான். 67 தொட்டவர் கூட்டத்தில் நிற்க அனுமதி பெறுகிறார், அவ்வளவுதான். முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதைச் சொல்வது சிஆர்எஸ்.

நம் மெக்கானிக்கின் ஐஇஎல்டிஎஸ் ஜெனரல் ஆங்கிலத் தேர்வில் நான்கு பிரிவிலும் 6. கனடாவின் மொழி அளவுகோலில் அது சிஎல்பி 7, அதற்குக் கீழே போனால் இந்தத் திட்டத்தில் இடமே இல்லை. மொழிக்கு 16 கிடைக்கிறது. டிப்ளமோவை இரண்டாண்டுப் படிப்புக்குச் சமம் என்று மதிப்பிட்டால் 19. ஆறு வருடத்துக்கு மேல் அனுபவம் என்பதால் 15. வயது 35 வரை 12, பிறகு வருடத்துக்கு ஒன்று குறையும், 38-க்கு 9. கூட்டினால் 59. தேறவில்லை.

நேர்மையான ஆலோசகர் இங்கே என்ன சொல்லியிருக்க வேண்டும்? "அண்ணே, தேர்வை இன்னொரு தடவை எழுதுங்க. லிஸனிங்ல 8, மத்த மூணுலயும் 7 எடுத்தா சிஎல்பி 9. மொழிக்கு 24 வரும், சரியா 67 ஆயிரும்." மனைவி நான்கு பிரிவிலும் சிஎல்பி 4 எடுத்தால் கூடுதலாக 5 என்றும் சொல்லியிருக்கலாம். அதில் அவருக்கு வருமானம் இல்லை. எனவே 10 மதிப்பெண்ணுக்கு ஒரு வேலைக் கடிதம் தயார் செய்தார். 59-உடன் 10 சேர்ந்து 69. "பாய், 69 வந்துருச்சு, பெட்டியைக் கட்டுங்க" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு.

அந்தக் கடிதம் செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும் நடந்திருக்கப்போவது ஒன்றுமில்லை. சிஎல்பி 7-உடன் இவருடைய சிஆர்எஸ் கணக்கைத் தனி ஆளாகப் போட்டால் வயதுக்கு 61, படிப்புக்கு 98, மொழிக்கு 68, படிப்பும் மொழியும் சேர்வதால் 13, வெளிநாட்டு அனுபவமும் மொழியும் சேர்வதால் 25. மொத்தம் 265. சிஎல்பி 9 எடுத்திருந்தால் 358. மனைவியைச் சேர்த்துப் போட்டாலும் பெரிய வித்தியாசம் வராது. கைத்தொழில் பிரிவுக்கென்று 2024 ஜூலையில் நடந்த அழைப்பிலேயே கடைசி ஆள் 436. 2025 செப்டம்பரில் அதே பிரிவுக்கு 505. ஏதாவது ஒரு மாகாணம் தேர்ந்தெடுத்து 600 கொடுத்தால் ஒழிய 358-க்கு வழி இல்லை. இந்த இரண்டாவது கணக்கை அந்த ஆலோசகர் 14 மாதத்தில் ஒருமுறைகூட வாய் திறந்து சொல்லவில்லை. யாராவது 67 பற்றியே பேசிக்கொண்டிருந்தால் "என் சிஆர்எஸ் எவ்வளவு, என் பிரிவில் கடைசி அழைப்பு எவ்வளவு" என்ற இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். பேச்சு மாறும்.

எல்எம்ஐஏ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இப்போது அதிகம் விற்பது அதுதான். உள்ளூரில் ஆள் கிடைக்காத முதலாளி கனடா அரசிடம் விண்ணப்பித்து வாங்குவது அது. கட்டணம் 1,000 டாலர், முதலாளி கட்ட வேண்டும், தொழிலாளியிடம் அதை வசூலிப்பதே சட்டவிரோதம். முன்பு அதற்கு சிஆர்எஸ்ஸில் 50 அல்லது 200 கிடைத்தது, அதனால்தான் சந்தையில் விலை ஏறியது. 2025 மார்ச் 25 முதல் அந்த மதிப்பெண்ணையே எடுத்துவிட்டார்கள். நம்மவர் 3 லட்சம் கொடுத்தது அதற்குப் பிறகு. காலாவதியான சரக்கு, அதுவும் போலி.

போலிக் கடிதத்தின் விலை பணத்தோடு நிற்காது. பொய்த் தகவல் கொடுத்ததாகக் கண்டால் கனடா குடிவரவுச் சட்டத்தின் 40-வது பிரிவின்படி 5 வருடத் தடை. "ஏஜெண்டு போட்டது, எனக்குத் தெரியாது" என்பது எடுபடாது. விண்ணப்பத்தில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் விண்ணப்பதாரரே பொறுப்பு.

பிறகு ஒரு "அழைப்புக் கடிதம்" பிடிஎஃப் ஆக வாட்ஸ்அப்பில் வந்தது. ஏழு நாளுக்குள் 1 லட்சத்து 10 ஆயிரம் கட்டச் சொல்லி, ஒரு தனியார் சேமிப்புக் கணக்கு எண்ணுடன். நல்லவேளை, அங்கேதான் அவருக்குச் சந்தேகம் வந்தது. உண்மையான அழைப்பு உங்கள் இணையக் கணக்குக்குள் வரும், அதன்பின் விண்ணப்பிக்க 60 நாள் அவகாசம். கட்டணத்தை அந்தக் கணக்கின் வழியே கார்டு மூலம் அரசுக்கே நேராகக் கட்ட வேண்டும். 2024 ஏப்ரல் 30-இல் உயர்த்திய பிறகு பெரியவர் ஒருவருக்கு விண்ணப்பக் கட்டணம் 950-உம் நிரந்தர வசிப்புரிமைக் கட்டணம் 575-உமாக 1,525 டாலர் ஆனது, கைரேகைக்கு 85. கட்டுவதற்கு முன் அன்றைய தொகையை அரசின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். நம்மவரால் கணக்கைத் திறந்து சரிபார்க்க முடியவில்லை. மின்னஞ்சல் முகவரியையே ஆலோசகர்தான் உருவாக்கியிருந்தார், கடவுச்சொல்லும் அவரிடம். ஊரில் மெடிக்கல் வேறு எடுக்க வைத்திருந்தார், அது வளைகுடாவுக்கு எடுக்கிற வாஃபித் மாதிரியான ஒன்று. கனடாவுக்கு அவர்கள் பட்டியலிட்ட மருத்துவரிடம் எடுத்தால்தான் செல்லும்.

"லைசென்ஸ் இருக்கா என்று கேட்டோமே" என்பார்கள். எந்த லைசென்ஸ்? 1983 குடிபெயர்வுச் சட்டப்படி இந்திய அரசு தருவது வேலைக்கு ஆள் அனுப்பும் உரிமம். அதற்கும் சேவைக் கட்டண உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான், இ-மைக்ரேட் தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். கனடா பிஆர் விண்ணப்பத்தைக் காசு வாங்கிக்கொண்டு கையாள அது போதாது. அங்குள்ள வழக்கறிஞராகவோ, 2021 நவம்பரில் பொறுப்பேற்ற குடிவரவு ஆலோசகர் கல்லூரி என்ற ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில் உள்ளவராகவோ இருக்க வேண்டும். பதிவேடு பொதுவில் கிடைக்கிறது. இங்கே ஒரு குறுக்கு வேலை நடக்கிறது: டொரான்டோவில் உள்ள யாரோ ஒரு உண்மையான ஆலோசகரின் சான்றிதழைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். 5476 எண் படிவத்தில் அவர் பெயரும் கையெழுத்தும் இருந்தால்தான் அவர் உங்கள் பிரதிநிதி. அந்தப் படிவத்தைக் கேளுங்கள். ஆஸ்திரேலியாவுக்கும் இதே கதைதான். விருப்பப் பதிவு இலவசம், ஆலோசகருக்கு ஏழு இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும்.

மீனவர் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலத்தில் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் "கனடாவில் மீனவருக்கு ஸ்கில்டு விசா" என்று நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். படகு பறிபோகும் பயத்தில் இருக்கிற பையன்களிடம் இது நன்றாக விலைபோகிறது. கனடாவின் தொழில் பட்டியலில் படகில் கூலிக்குப் போகும் கையாள் 84121, நான்காம் படிநிலை. இந்தத் திட்டம் மூன்றாம் படிநிலையோடு நின்றுவிடும், ஆகவே இருபது வருட அனுபவம் இருந்தாலும் கணக்கில் ஏறாது. சொந்தப் படகு வைத்துத் தொழில் செய்பவர் 83121-இல் வரலாம், அது மூன்றாம் படிநிலை. நோட்டீஸ்காரர் காட்டுவது இந்த எண்ணைத்தான். சரி, கணக்குப் போடுவோம். வயது 30, பன்னிரண்டாம் வகுப்பு, ஐஇஎல்டிஎஸ்ஸில் நான்கிலும் 6: வயதுக்கு 12, அனுபவத்துக்கு 15, மொழிக்கு 16, படிப்புக்கு 5, ஆக 48. ஆங்கிலத்தில் சிஎல்பி 9 எடுத்தாலும் 56. மனைவியின் ஆங்கிலத்தையும் சேர்த்தால் 61. நெருங்கிய உறவினர் கனடாவில் நிரந்தரமாக இருந்து இன்னொரு 5 கிடைத்தாலும் 66தான், 67 கண்ணில் படாது, பட்டாலும் சிஆர்எஸ் விடாது.

ஐடிஐ முடித்த வெல்டர், எலக்ட்ரீஷியன்களுக்கு ஃபெடரல் ஸ்கில்டு டிரேட்ஸ் என்று இன்னொரு வாசல் உண்டு. படிப்பு நிபந்தனை இல்லை. பேச, கேட்க சிஎல்பி 5, படிக்க, எழுத 4 போதும். ஐந்து வருடத்தில் இரண்டு வருட அனுபவம் வேண்டும். ஆனால் குறைந்தது ஒரு வருட முழுநேர உண்மையான வேலை வாய்ப்போ, அங்குள்ள மாகாணத்தின் தொழில் சான்றோ கட்டாயம். அந்தச் "ஆனால்" என்ற சொல்லை விட்டுவிட்டுத்தான் இதை விற்கிறார்கள்.

"ஷோ மணி" இன்னொரு பொறி. நான்கு பேர் குடும்பத்துக்கு 2025 ஜூலை கணக்குப்படி 28,362 டாலர் கையிருப்புக் காட்ட வேண்டும், 17, 18 லட்சம் ரூபாய். வட்டிக்குக் கொடுத்து ஒரு வாரம் கணக்கில் போட்டு எடுக்கிறேன் என்பார்கள். வங்கிக் கடிதத்தில் ஆறு மாதச் சராசரி இருப்பும் உங்கள் கடன்களும் வர வேண்டும் என்பதால் அது அப்பட்டமாகத் தெரிந்துவிடும். நகையை அடகு வைத்த பணமும் கடன்தான்.

வளைகுடாவில் இப்போது வேலையில் இருப்பவர்கள் யாருக்கும் காசு கொடுக்காமலே செய்துகொள்ள வேண்டிய காரியங்கள் இரண்டு. ஒன்று, கம்பெனி லெட்டர்ஹெட்டில் அனுபவக் கடிதம்: பதவி, தேதிகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், என்னென்ன வேலை செய்தீர்கள் என்ற விவரம், கையெழுத்துப் போட்டவரின் பெயரும் தொடர்பும். நம்மவருக்கு இகாமாவில், அதாவது சவூதி வசிப்பு அட்டையில், தொழில் "ஆமில்" என்று இருந்தது. பார்த்தது ஏசி வேலை, காகிதத்தில் வெறும் கூலியாள். இப்படி இருப்பவர்கள் சம்பளம் ஏறிய வங்கி விவரம், ஒப்பந்தம், பயிற்சிச் சான்று எல்லாவற்றையும் சேர்த்தே வைக்க வேண்டும். இரண்டாவது, போலீஸ் சான்று. கடந்த பத்து வருடத்தில் தொடர்ந்து ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் இருந்த ஒவ்வொரு நாட்டிலும் அது வேண்டும். எக்ஸிட் அடித்து ஊர் வந்த பிறகு சவூதியிடம் அதை வாங்குவது பெரும்பாடு. கல்லூரி மதிப்பெண் பட்டியல் விஷயத்திலும் குறுக்கு வழி இல்லை. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கீழ் படித்தவர்களுக்கு, காரைக்குடியிலிருந்து பல்கலைக்கழகமே நேரடியாக வெஸ்ஸுக்கு அனுப்ப வேண்டும். "நாங்க க்ளியர் பண்ணித் தர்றோம்" என்பவர் போலி உறை தயார் செய்கிறார் என்று அர்த்தம்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் முதலில் புரொஃபைலைப் பாருங்கள். போலி வேலை அதில் ஏறியிருந்து, அழைப்பு எதுவும் வராத நிலை என்றால் திருத்துங்கள் அல்லது திரும்பப் பெறுங்கள். கணக்கு உங்கள் கையில் இல்லையென்றால் குடிவரவுத் துறையின் இணையப் படிவம் வழியாக, பாஸ்போர்ட் எண்ணுடன், நீங்கள் அனுமதிக்காத விவரம் ஏறியிருக்கிறது என்று எழுதிப் பதிவாக்குங்கள். போலீசுக்குப் போவதைவிட இது அவசரம்.

யுபிஐயில் அனுப்பிய பணம் என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். மற்றபடி மாவட்டக் குற்றப்பிரிவில் புகார், அதோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் இரண்டு வருடத்துக்குள் மனு. 5 லட்சம் வரை கொடுத்த சேவைக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. ரசீதில் "நோ ரீஃபண்ட்" என்று அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். இலவசச் சேவைக்கு 75,000 வாங்கிய ரசீது உங்கள் பக்கத்துச் சாட்சி.

புகார் போனதும் சமரசத்துக்கு வருவார்கள், பின்தேதியிட்ட காசோலை கொடுத்து மனுவை வாபஸ் வாங்கச் சொல்வார்கள். காசோலை பணமாகும்வரை வாபஸ் வேண்டாம். காசோலையில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பினால் வங்கியின் மெமோ வந்த 30 நாளுக்குள் வக்கீல் நோட்டீஸ், அது கிடைத்து 15 நாளில் அவர் கட்டாவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் வழக்கு. நம் மெக்கானிக்கிடம் அப்படித் திரும்பிவந்த காசோலை ஒன்று 2 லட்சத்துக்கு இருக்கிறது. நோட்டீஸ் அனுப்ப இன்னும் 11 நாள் பாக்கி.