பிளம்பி நட்: போர்ச்சூழலில் ஒரு சிகிச்சை உணவின் தரம்

போர் நடக்கும் பகுதியில் கடுமையாக மெலிந்துபோன குழந்தைகளுக்காக நிவாரண அமைப்புகள் அனுப்பும் பொருள்களில், பிளம்பி நட் எனும் சிகிச்சை உணவை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். நிலக்கடலைப் பசை, பால்மாவு, சர்க்கரை, தாவர எண்ணெய், விட்டமின்கள், தாது உப்புகள் ஆகியவை கலந்த இந்த உணவு 1996இல் பிரான்சில் உருவாக்கப்பட்டது. 92 கிராம் எடையுள்ள ஒரு பொட்டலம் 500 கிலோகலோரி ஆற்றலைத் தருகிறது.

இதன் அருமையை உணர, முன்பிருந்த முறையை எண்ணிப் பார்க்க வேண்டும். எஃப்-100 எனும் சிகிச்சைப் பால்மாவைத் தூய நீரில் கரைத்துக் கொடுக்க வேண்டும். கரைத்த பால் விரைவில் கெட்டுவிடும் என்பதால், தாயும் குழந்தையும் வாரக்கணக்கில் மருத்துவமனையில் தங்க நேர்ந்தது. மருத்துவமனைகளே தாக்கப்படும் காலத்தில் அதை எத்தனை தாய்மார்களால் செய்ய முடியும்? பிளம்பி நட்டில் ஈரம் மிகக் குறைவு. ஆகவே கிருமிகள் எளிதில் பெருகுவதில்லை. சமைக்கவோ, நீர் சேர்க்கவோ, குளிரூட்டியில் வைக்கவோ தேவையில்லை. பொட்டலத்தின் முனையைக் கிழித்துக் குழந்தையின் வாயில் பிதுக்கிவிடலாம். பசியும் தெளிவும் உள்ள, வேறு சிக்கல்கள் இல்லாத குழந்தைகளை இப்படி வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் உள்ளிட்ட ஐ.நா. அமைப்புகள் 2007இல் கூட்டாக அறிவித்தன.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். ஆறு மாதம் நிறையாத சிசுவுக்கு இது பொருந்தாது. உண்ணும் குழந்தைக்குக் குடிக்கத் தூய நீர் கிடைக்க வேண்டும். முற்றுகையிடப்பட்ட ஊரில் அதுவே அரிது. எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், வீடு முழுவதும் பட்டினி கிடக்கும்போது ஒரு குழந்தையின் மருந்தை மற்றப் பிள்ளைகளோடும் பகிராமல் இருக்கும்படி எந்தத் தாயிடமும் கேட்க முடியாது என்பதுதான். குடும்பத்துக்கான மாவும் பருப்பும் எண்ணெயும் உடன் சேராத இடத்தில் இந்தப் பொட்டலத்தின் பலன் பாதியிலேயே நின்றுவிடுகிறது. அந்தக் குறையைப் பொருளின் மீது சுமத்துவது நியாயமன்று.

வழியும் திறந்திருக்க வேண்டும். சூடானின் வட டார்ஃபூரில் உள்ள, இடம்பெயர்ந்தோருக்கான சம்சம் முகாமில் பஞ்சம் நிலவுவது 2024 ஆகஸ்டில் உறுதி செய்யப்பட்டது. அதன் அருகிலுள்ள எல் ஃபாஷர் நகரின் முற்றுகையோ அதன்பின் ஓராண்டுக்கு மேலும் நீடித்தது. காசாவுக்குள் 2025 மார்ச் 2 முதல் பதினொரு வாரங்கள் எந்தச் சரக்கும் அனுமதிக்கப்படவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அங்கும் பஞ்சம் உறுதியானது. இரண்டு ஆண்டுகள் கெடாமல் இருக்கும் உணவு எல்லைக்கு அப்பால் காத்துக் கிடப்பது பொறுக்கக்கூடியதன்று.

விநியோக முறையில் ஒரு மாற்றத்தை நான் வலியுறுத்துவேன். வாரந்தோறும் மையத்துக்கு வரச் சொல்வது சண்டை நடக்கும் சாலையில் தாயை நடக்க வைப்பதாகும். பல வாரங்களுக்கான பொட்டலங்களை ஒரே முறையில் கொடுத்துவிட்டு, மேல்கைச் சுற்றளவை அளக்கும் வண்ண நாடாவையும் தாயிடமே ஒப்படைத்து, கடும் மெலிவைக் காட்டும், 115 மில்லிமீட்டருக்குக் கீழான சிவப்புப் பகுதியை அடையாளம் காண அவருக்குக் கற்றுத்தர வேண்டும்.