ஒயர்க்கூடை பின்னிய கையோடு ஒரு கல்லா வகுப்புக்கு

ஒயர்க்கூடை பின்னத் தெரியும் என்ற திமிரோடுதான் போனேன். சிவன் கண்ணும் நெல்லிக்காய் முடிச்சும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவள், புல்லிலா தடுமாறப் போகிறேன் என்று நினைப்பு. தென் கரோலைனாவில், சார்ல்ஸ்டனுக்கு ஆற்றின் அக்கரையில் இருக்கும் மவுன்ட் பிளெசன்ட் ஊரில், கல்லா மக்களின் ஸ்வீட்கிராஸ் என்ற புல்லில் கூடை செய்யக் கற்றுத்தரும் மூன்று மணி நேர வகுப்பு. புல், கருவி உட்பட 85 டாலர். சார்லட்டிலிருந்து காரில் மூன்றரை மணி நேரம் ஆனது.

கல்லா என்றால் நமக்குக் கடைக்காரரின் பணப்பெட்டிதான் நினைவுக்கு வரும். இவர்கள் வேறு கல்லா. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டு, இந்தக் கடலோர நெல்வயல்களில் உழைத்தவர்களின் வழிவந்தவர்கள். வகுப்பறைச் சுவரில் முரட்டுக் கோரையில் செய்த அகலமான வட்டத் தட்டு ஒன்று தொங்கியது. ஃபேனர் என்றார்கள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நெல் புடைக்கிற சாமான். எங்கள் பக்கத்துச் சுளகுக்கு ஒன்றுவிட்ட சகோதரி.

"எந்தப் பக்கம் பின்ன ஆரம்பிக்க வேண்டும்?" என்று கேட்டேன். ஆசிரியைக்கு எழுபது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "பின்னுவதில்லை கண்ணு, தைப்பது" என்றார். என் திமிர் அந்த இடத்திலேயே பாதி இறங்கியது.

உண்மையில் தையல்தான். பென்சில் கனத்துக்கு ஒரு பிடி புல்லைச் சேர்த்து, சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். நூலுக்குப் பதில் பால்மெட்டோ பனையின் இளங்குருத்தைக் கிழித்த நாடா. ஊசிக்குப் பதில் ஒரு தேக்கரண்டி! அதன் குழிந்த தலையை வெட்டிவிட்டு, காம்பைத் தட்டையாக அராவி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் மாட்டு விலா எலும்பாம். அதனால் இன்றும் அதற்கு எலும்பு என்றே பெயர். முந்தைய சுற்றில் எலும்பைக் குத்தித் துளையிட்டு, அதை உருவுகிற நொடியில் நாடாவின் கூர்நுனியை நுழைக்க வேண்டும். ஒரு கணம் தாமதித்தால் புல் மூடிக்கொள்கிறது. பிறகு இழுக்க வேண்டும். தளர இழுத்தால் சுருள் ஆடுகிறது. கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் நாடா அறுந்து கையோடு வருகிறது. முதல் அரைமணியில் ஐந்து நாடாக்களை அறுத்தேன். பிடி மெலிய மெலியப் புதுப் புல்லை நடுவில் சொருக வேண்டும் என்பதையும் மறந்துவிட்டேன். என் இரண்டாம் சுற்று எலிவால்போல் ஒடுங்கியது அதனால்தான். புல்லின் வாசனை மட்டும் அருமை, புது வைக்கோலில் வெனிலா தெளித்ததுபோல.

இப்போது குறைகள். கூடை செய்யக் கற்றுத்தருகிறோம் என்று விளம்பரம். மூன்று மணி நேரத்தில் என் கைக்கு வந்தது தம்ளர் வைக்கிற தட்டு அளவுதான். அது பரவாயில்லை, வேலை அப்படி. ஆனால் கூடையைத் தொடங்குகிற நடு முடிச்சை முன்னதாகவே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எதைக் கற்கப் போனேனோ, அதுவே இல்லை. பதினான்கு பேருக்கு ஒரே ஆசிரியை. கொடுத்த நாடாக்களில் பாதி காய்ந்து முறுகியிருந்தன. கேட்ட பிறகுதான் ஈரத்துணியில் சுற்றியவை வந்தன.

வகுப்பு முடிந்ததும் நான் கிளம்பாமல் நிற்பதைப் பார்த்து, ஆசிரியை பைன் ஊசியிலைகளை எடுத்து அந்த முடிச்சை எனக்காக இரண்டு முறை போட்டுக் காட்டினார். நிறுவனத்துக்கு மூன்று நட்சத்திரம், அவருக்கு ஐந்து.

புல் கிடைப்பதே பெரும்பாடு என்றும் அப்போதுதான் சொன்னார். கடற்கரை மணல்மேடுகளுக்குப் பின்னால் அது வளர்ந்த இடங்களில் இன்று காவலாளி வைத்த குடியிருப்புகள். உள்ளே விட மாட்டார்கள்; புல்லுக்காக ஜார்ஜியா, புளோரிடா வரை போகிறவர்கள் உண்டு. 2006-இல் இந்தக் கூடைக்கலையை மாநிலக் கைவினையாக அறிவித்தார்கள். அறிவிப்பு அந்த வாயிற்கதவுகளைத் திறக்கவில்லை போலும்.

திரும்பும்போது 17-ஆம் நெடுஞ்சாலையோரக் கூடைக்கடையில் நிறுத்தினேன். 1929-இல் ஆற்றுக்குப் பாலம் வந்து கார்கள் இந்த வழியே ஓடத் தொடங்கிய பிறகு முளைத்த மரப்பந்தல்களின் வரிசை அது. ஒரு ரொட்டிக்கூடை 240 டாலர். காலையில் போகும்போது இதே விலையைக் கேட்டு உதட்டைப் பிதுக்கியவள், இப்போது அதன் தையல்களை எண்ண ஆரம்பித்து, இரண்டாம் சுற்றிலேயே நிறுத்திவிட்டேன். என் தட்டைக் காட்டினேன். கடைக்காரப் பெண்மணி அதைத் திருப்பி, அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்து, எலிவாலில் விரலை வைத்துச் சிரித்தார்.

போகிறவர்கள் முடிச்சை நீங்களே போட வேண்டும் என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். ஆசிரியை கொடுத்த ஊசியிலைகளில் ஒரு பிடி இன்னும் என்னிடம் மீதமிருக்கிறது. நேற்றிரவு ஏழாவது தடவை போட்டேன். பிடித்திருந்த விரலை எடுத்ததும் அவிழ்ந்துவிட்டது.